புது ஊரில் திறந்த வீடு
(குடும்ப வேதபாடம்: ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள்)

இந்த மாதப் பாடம் விசேஷமாய்க் கல்யாணமாகி, வேலைக்காக வேறு பட்டணத்துக்குப் போய்க் குடியேறியிருக்கிற தம்பதிகளுக்கானது. பிள்ளைகளை அப்படி அனுப்பிவிட்டு ஊரிலே இருக்கிற அப்பா அம்மாமாரும் கூடவே வாசிக்கலாம். அப்போஸ்தலர் நடபடிகள் 18-ம் அதிகாரத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

புது ஊருக்குப் போனவர்கள் வாயில் அடிக்கடி வருகிற வார்த்தை ஒன்று உண்டு. "கொஞ்சம் செட்டில் ஆகட்டும், அப்புறம் பாக்கலாம்." சபைக்கு ஒழுங்காய்ப் போவது செட்டில் ஆன பிறகு. எதிர் வீட்டுக்காரரோடு நாலு வார்த்தை பேசுவது செட்டில் ஆன பிறகு. ஒருவரை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வாய் காப்பி கொடுப்பது, அதுவும் செட்டில் ஆன பிறகு. முதலில் கட்டில் வாங்கணும், ஃப்ரிட்ஜ் வாங்கணும், வீட்டு அட்வான்ஸுக்கு வாங்கின கடன் அடையணும். இதெல்லாம் முடிகிறதற்குள் ஐந்தாறு வருஷம் ஓடிப்போகும். வீட்டிலே சாமான் நிறைந்திருக்கும். ஆனால் நடுராத்திரியில் குழந்தைக்கு ஜுரம் வந்தால் போன் பண்ணிக் கூப்பிட அந்தப் பட்டணத்தில் ஒரு ஆள் இருக்காது.

வேதத்திலே ஒரு தம்பதியைப் பார்க்கிறோம். செட்டில் ஆகிறதற்கு அவர்களுக்கு நேரமே கிடைக்கவில்லை. ஊர் மாற்றி ஊர் போய்க்கொண்டே இருந்தார்கள். ஆனாலும் போன ஊரிலெல்லாம் அவர்கள் வீடு ஒரு வீடாயிருந்தது. எப்படி? அதுதான் இன்றைய பாடம்.

1. துரத்தப்பட்டு வந்தவர்கள்

ஆக்கில்லா பொந்து தேசத்தில் பிறந்த யூதன். பொந்து என்பது கருங்கடலின் தென்கரை. இன்றைய துருக்கியின் வடபகுதி. அங்கே பிறந்த மனுஷன் ரோமாபுரிக்குப் போய் மனைவியோடு குடியிருந்தான். அந்தச் சமயம் கிலவுதியு ராயன் யூதர்கள் எல்லாரும் ரோமை விட்டுப் போகவேண்டுமென்று கட்டளை போட்டான். வேத ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் இதைக் கி.பி. 49-ம் வருஷம் என்று குறிக்கிறார்கள். ரோம சரித்திர ஆசிரியர் சுவெட்டோனியுஸும் இந்தக் கட்டளையைப் பற்றி எழுதியிருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். இது டிரான்ஸ்பர் ஆர்டர் அல்ல, நல்ல சம்பளம் என்று போனதும் அல்ல. இருந்த வீடு, பழகின தெரு, வாடிக்கைக்காரர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தூக்க முடிந்ததைத் தூக்கிக்கொண்டு கிளம்பவேண்டும். அந்த நாளில் ரோமிலிருந்து கிழக்கே போகிறவர்கள் வழக்கமாய் அப்பியா சாலை வழியே பிரிண்டிசி துறைமுகத்துக்குப் போவார்கள். அது மட்டுமே 500 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து கப்பலேறிக் கிரேக்கு நாட்டுக்கு வரவேண்டும். அப்படிப்பட்ட பிரயாணத்துக்குப் பிறகு புருஷனும் மனைவியுமாய்க் கொரிந்துவில் வந்து நின்றார்கள்.

2. கொரிந்து எப்படிப்பட்ட ஊர்?

கொரிந்து ஒரு குறுகலான நிலப்பகுதியின் ஓரத்தில் இருந்தது. அந்த நிலத்தின் அகலம் சுமார் 6 கிலோமீட்டர்தான். மேற்கே லெகாயோன், கிழக்கே கெங்கிரேயா என்று இரண்டு துறைமுகம். தெற்கே கடலைச் சுற்றிப் போகிற ஆபத்தான வழியைத் தவிர்க்கிறதற்காக, சரக்குகளைக் கல் பாவின தடத்தின்மேல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு இழுத்துப் போவார்கள். அதனால் ஊரிலே எப்பொழுதும் மாலுமிகள், வியாபாரிகள், கூலிக்காரர், வழிப்போக்கர்.

இன்னொரு விசேஷம். பழைய கொரிந்துவை ரோமர் கி.மு. 146-ல் அழித்துப் போட்டார்கள். கி.மு. 44-ல் ஜூலியஸ் சீசர் அதை மறுபடியும் ரோமக் குடியேற்றமாக ஏற்படுத்தினார். விடுதலை பெற்ற அடிமைகள் பலர் அங்கே கொண்டுவந்து குடிவைக்கப்பட்டார்கள். ஆக்கில்லா போய்ச் சேர்ந்தபோது புதுக் கொரிந்துவுக்கு வயது நூறுகூட ஆகவில்லை. அரசாங்கக் கல்வெட்டு லத்தீனில், தெருப் பேச்சு கிரேக்கில். பாதிப் பேருடைய தாத்தா எங்கிருந்தோ வந்தவர். "நாங்கதான் இந்த ஊர் பூர்வீகம்" என்று மார்தட்டச் சொல்லிக்கொள்ள அங்கே ரொம்பப் பேர் கிடையாது.

நம்முடைய பெரிய பட்டணங்களும் ஏறக்குறைய இப்படித்தான். மும்பையானாலும் பெங்களூரானாலும் சென்னையானாலும், பக்கத்து ஃப்ளாட்டில் இருக்கிறவர்களும் ஒருநாள் பெட்டியோடு வந்து இறங்கினவர்கள்தான். நீங்கள் மாத்திரம் அந்நியர் என்று நினைக்காதிருங்கள். அவர்களும் யாராவது முதலில் பேசமாட்டார்களா என்று காத்துக்கொண்டிருக்கலாம்.

3. இரண்டு வருஷக் கணக்கு

ஆக்கில்லாவின் வீட்டுக்குள்ளே போகிறதற்கு முன்னே ஒரு பழைய கடிதத்தைப் பார்த்துவிட்டு வருவோம். எரேமியா 29-ம் அதிகாரம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஜனங்களுக்குத் தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து எழுதினது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்கிற ஒருவன், இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஜனங்களுக்கு இனிப்பாய்ச் சொல்லியிருந்தான். எரேமியாவோ, அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், அந்தப் பட்டணம் சுகமாயிருக்க ஜெபம்பண்ணுங்கள் என்ற கருத்தில் எழுதினார். எழுபது வருஷக் கணக்கு அது.

இன்றைக்கும் அனனியாவின் கணக்கு நம் வீடுகளில் ஓடுகிறது. "ரெண்டு வருஷந்தான், அப்புறம் ஊருக்கே போயிடலாம்." அதனால் பெட்டி பிரிக்கப்படுவதில்லை. சுவரிலே ஒரு ஆணி அடிப்பதில்லை. ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. மனசும் அந்தப் பெட்டிக்குள்ளேயே மடிச்சு வைத்தபடி கிடக்கிறது. ஊருக்குத் திரும்புவது தப்பா? இல்லவே இல்லை. ஆக்கில்லாவும் பிற்பாடு ரோமுக்குத் திரும்பினான். ஆனால் திரும்புகிற நாள்வரைக்கும் அவன் கொரிந்துவிலே கொரிந்துக்காரனாய் இருந்தான்.

4. கையிலிருந்த தொழில்

அவர்கள் கூடாரம் பண்ணுகிற தொழில் செய்தவர்கள். தோல், ஆட்டு ரோமத்தில் நெய்த முரட்டுத் துணி, கித்தான் இவைகளை வெட்டித் தைக்கிற வேலை. அதற்குப் பெரிய ஆயுதம் தேவையில்லை. கத்தி, குத்தூசி, கோணி ஊசி மாதிரி தடிமனான ஊசி, மெழுகு பூசின நூல். ஒரு பைக்குள்ளே அடங்கிவிடும். வீட்டை விட்டுத் துரத்தினவர்கள் கைத்தொழிலைப் பிடுங்க முடியவில்லை.

கொரிந்துவில் அந்த வேலைக்குக் கிராக்கி இருந்திருக்கும். துறைமுகத்துக்குப் பாய், கடைத்தெருவுக்கு வெயில் மறைப்பு. போதாததற்குப் பக்கத்திலே இஸ்த்மியா என்ற இடத்தில் 2 வருஷத்துக்கு ஒருமுறை பெரிய விளையாட்டுப் போட்டி. வெளியூரிலிருந்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாய் வந்து தங்குவார்கள்.

அந்நாள் ரோமப் பட்டணங்களில் கைத்தொழிலாளர் கடை பெரும்பாலும் தெருவைப் பார்த்துத் திறந்த ஒரு அறை. குடியிருப்பு அதற்குப் பின்னாலோ, மேலே பரண் மாதிரி ஒரு தட்டிலோ இருக்கும். கடை திறந்தால் வீடும் திறந்த மாதிரிதான். தையல் சத்தம் அதிகம் கேட்காத வேலையாதலால் உட்கார்ந்து தைத்துக்கொண்டே பேசலாம். வருகிறவன் போகிறவன் நின்று நாலு வார்த்தை பேசுவான்.

பிரியமான தங்கச்சி, உனக்கு இங்கே ஒரு வார்த்தை. புருஷன் காலை எட்டு மணிக்குப் போனால் ராத்திரி ஒன்பதுக்கு வருகிறார். பாஷை தெரியாத ஊர். நாலு சுவரும் ஒரு போனும். மனசு உடைந்து போகிறதாயிருக்கலாம். உன் கையிலே கர்த்தர் என்ன கொடுத்திருக்கிறார் என்று பார். தையலா? பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதா? நல்ல ஊறுகாய் போடுவாயா? கீழ்வீட்டு அம்மாவிடம் இந்தி ஒரு வார்த்தை கற்றுக்கொண்டு, நீ ஒரு கோலமோ ஒரு சமையலோ கற்றுக்கொடு. சம்பாத்தியம் வருகிறதோ இல்லையோ, கைவேலை ஒரு கதவைத் திறந்துவிடும்.

5. வந்து சேர்ந்த விருந்தாளி

இப்பொழுது பாடத்தின் மையத்துக்கு வருகிறோம். பவுல் அத்தேனே பட்டணத்திலிருந்து கொரிந்துவுக்கு வருகிறார். பிலிப்பியிலே அடிபட்டு, தெசலோனிக்கேயிலும் பெரோயாவிலும் இருந்து விரட்டப்பட்டு வந்த மனுஷன். அந்த நாட்களில் தாம் பலவீனத்தோடும் பயத்தோடும் வந்ததாக அவரே பிற்பாடு கொரிந்தியருக்கு எழுதினார். அவர் கதவைத் தட்டினது யார் வீட்டில்? பல வருஷமாய் ஊரிலே வேரூன்றின பெரிய மனுஷர் வீட்டில் அல்ல. சமீபத்தில்தான் இத்தாலியாவிலிருந்து வந்த இந்தத் தம்பதியின் வீட்டில்.

"சமீபத்தில்" என்கிற கருத்தை லூக்கா சும்மா எழுதவில்லை. அவர்களுடைய சாமான்களே இன்னும் முழுசாய் அடுக்கப்பட்டிருக்காது. "ஐயா, நாங்களே இப்பதான் வந்திருக்கோம், கொஞ்சம் நாள் கழிச்சு வாங்க" என்று சொல்ல அவர்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது. சொல்லவில்லை. ஒரே தொழில்காரர் என்பதால் சேர்த்துக்கொண்டார்கள். தையல் பலகையில் அவருக்கும் ஒரு இடம், சாப்பாட்டில் அவருக்கும் ஒரு பங்கு. பவுல் சும்மா உட்கார்ந்து சாப்பிடவில்லை, தன் கையால் வேலை செய்தார் என்பதையும் கவனியுங்கள். விருந்தாளியாய்ப் போகிறவர்களுக்கும் இதிலே பாடம் இருக்கிறது.

பவுல் அந்தப் பட்டணத்தில் ஒரு வருஷம் ஆறு மாதம் ஊழியம் செய்தார். அந்நாட்களில் அகாயாவின் அதிபதியாயிருந்த கல்லியோனின் பெயர் தெல்பி என்ற ஊரில் கிடைத்த கல்வெட்டிலும் இருக்கிறது. அதைக்கொண்டு இதெல்லாம் கி.பி. 50 முதல் 52 வரையான காலம் என்று கணக்கிடுகிறார்கள். இன்றைக்கு நாம் வாசிக்கிற கொரிந்தியர் நிருபங்களுக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சபை, அப்படித் துவங்கின ஊழியத்தில் பிறந்தது. அல்லேலூயா! ஊருக்குப் புதிதாய் வந்த ஒரு குடும்பம் கதவைத் திறந்ததினால் வந்த ஆசீர்வாதத்தைப் பாருங்கள்.

தேவ ஜனமே, ஒன்றை நன்றாய் மனதில் வையுங்கள். ஆக்கில்லா குடும்பம் நிலைபெற்ற பிறகு கதவைத் திறக்கவில்லை. கதவைத் திறந்ததே அவர்களை அந்த ஊரில் நிலைக்கச் செய்தது. இன்னொருவனுக்கு இடம் கொடுத்த அன்றைக்கு அது வாடகை இடமாயிராமல் வீடாகிவிடுகிறது.

6. இரண்டு பேரும் சேர்ந்தே

புதிய ஏற்பாட்டில் 6 வசனங்களில் இவர்கள் பெயர் வருகிறது. ஒரு இடத்திலாவது ஒருவரை விட்டு ஒருவர் பெயர் வரவில்லை. சில இடங்களில் ஆக்கில்லா முன்னே, சில இடங்களில் பிரிஸ்கில்லாள் முன்னே. பவுலும் லூக்காவும் அவர்களை ஒரு ஜோடியாகவே பார்த்தார்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்லுகிறோம்? திறந்த வீடு என்று பிரசங்கிப்பது லேசு. பாத்திரம் கழுவுகிறது யார்? பிரியமான தம்பி, நீ ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாலு பேரை "வாங்க பிரதர், வீட்டுக்குப் போகலாம்" என்று கூட்டிக்கொண்டு வருவாய். உன் மனைவியோ வீட்டில் அரிசி எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தவள். அவள் முகம் வாடும். நீ, "அவளுக்கு ஊழிய பாரம் இல்லை" என்பாய். அது நியாயமல்ல. அவளைக் கேட்டாயா? காய் நறுக்கினாயா? விருந்தாளி போனபிறகு பாய் சுருட்டினாயா? ஒருவர் தோளில் மாத்திரம் ஏற்றப்பட்ட உபசரிப்பு சீக்கிரத்தில் முறுமுறுப்பாய் மாறும். இரண்டு பேரும் "சரி" என்று சொன்ன பிறகு திறக்கிற கதவே ஆசீர்வாதம். இன்றைக்கு முடியவில்லை என்று ஒருவர் சொன்னால், மற்றவர் அதை விசுவாசக் குறைச்சல் என்று சொல்லக்கூடாது.

7. மறுபடியும் ஒரு புது ஊர்

கொரிந்துவில் வேர் பிடித்த சமயத்தில் மறுபடியும் பிரயாணம். பவுலோடு கெங்கிரேயாவில் கப்பலேறி, கடலைக் கடந்து எபேசுவுக்கு வந்தார்கள். பவுல் அங்கே தங்கவில்லை; அவர்களை விட்டுவிட்டுப் புறப்பட்டுப் போய்விட்டார். யோசியுங்கள், தெரிந்த ஒரே ஊழியக்காரரும் போய்விட்டார். தியானாள் தேவியின் பெரிய கோவில் இருந்த பட்டணம் அது. உலக அதிசயங்கள் ஏழில் ஒன்று என்று பெயர் பெற்ற கோவில். அவர்களோ இரண்டே பேர்.

அந்தச் சமயம் அலெக்சந்திரியாவிலிருந்து அப்பொல்லோ என்ற பிரசங்கியார் வந்தார். நல்ல பேச்சு வல்லமை, வேத அறிவு. ஆனால் யோவானுடைய ஸ்நானம் வரைக்குந்தான் தெரியும். இவர்கள் என்ன செய்தார்கள்? கூட்டத்தில் எழுந்து நின்று தவறு என்று சொல்லவில்லை. வெளியே போய்ப் பிறரிடம் குறை பேசவும் இல்லை. அவரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு, தேவனுடைய வழியை இன்னும் திருத்தமாய் விளக்கிச் சொன்னார்கள். பிற்பாடு அப்பொல்லோ அகாயாவுக்குப் போய்க் கொரிந்து சபைக்குப் பெரிய உதவியாயிருந்தார். முந்தின ஊருக்கு இவர்கள் அனுப்பின காணிக்கை அதுதான்.

பவுல் எபேசுவுக்குத் திரும்பி வந்து, அங்கிருந்து கொரிந்தியருக்கு எழுதினபோது, இவர்கள் வீட்டிலே ஒரு சபை கூடிக்கொண்டிருந்தது. கிலவுதியு ராயன் கி.பி. 54-ல் இறந்தான். ரோமர் நிருபம் எழுதப்பட்ட நாட்களில், அதாவது கி.பி. 57-ஐ ஒட்டி, இவர்கள் மறுபடியும் ரோமிலே இருக்கிறார்கள். அங்கேயும் வீட்டிலே சபை! தமக்காக அவர்கள் உயிரையே பணயம் வைத்ததைப் பவுல் நன்றியோடு எழுதுகிறார். துரத்தின பட்டணத்துக்கே திரும்பிப் போய், அங்கேயும் கதவைத் திறந்தார்கள்.

8. இந்த மாதமே செய்யவேண்டியவை

ஒன்று: புது ஊரில் முதல் ஞாயிறே ஒரு சபைக்குப் போங்கள். ஊர்ச் சபை மாதிரியே பாட்டு, அதே மாதிரி பிரசங்கம் கிடைக்கும்வரை தேடிக்கொண்டே இருந்தால் வருஷம் போய்விடும்.

இரண்டு: பெட்டியை முழுசாய்ப் பிரியுங்கள். ஒரு செடி வையுங்கள்.

மூன்று: எதிர் வீட்டாரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் எந்த மதத்தாரானாலும் சரி. அவசரத்துக்கு முதலில் ஓடி வருகிறவர்கள் அவர்கள்தான்.

நான்கு: மாதத்தில் ஒரு நாள், ஒரே ஒரு ஆளை அல்லது ஒரு குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். விசேஷமாய் ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளைகள், தனியாய் இருக்கிற வயதானவர்கள். கஞ்சியும் துவையலும் போதும். உட்கார நாற்காலி வேண்டாம், பாய் போதும்.

ஐந்து: யாரைக் கூப்பிடுவது, எவ்வளவு செலவு, யார் என்ன வேலை என்பதைப் புருஷனும் மனைவியும் முந்தின நாளே உட்கார்ந்து பேசுங்கள். பேசி முடித்து இரண்டு நிமிஷம் கைகோர்த்து ஜெபியுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: தினமும் போனில் "எப்பப்பா வர்றே?" என்று கேட்கிறதை வாரத்தில் ஒரு நாளாவது நிறுத்திவிட்டு, "பக்கத்து வீட்டுக்காரங்க எப்படி இருக்காங்க? சபையிலே யாரைப் பாத்தீங்க?" என்று கேளுங்கள். பிள்ளைகள் வேர் பிடிக்க அதுவும் ஒரு உதவி.

குடும்பமாய்ச் சிந்திக்க

அ. நம் வீட்டில் இன்னும் பிரிக்காமல் இருக்கிற பெட்டி எது? பிரிக்காததற்குக் காரணம் என்ன?
ஆ. இந்த ஊருக்கு வந்தபின் நம் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் யார் யார்?
இ. விருந்தாளி வந்தால் நம் இருவரில் யாருக்கு அதிக பாரம்? அதை எப்படிப் பங்கிடலாம்?
ஈ. இன்று இரவே இந்த ஊரை விட்டுப் போகச் சொன்னால், நம்மைத் தேடுகிறவர்கள் இங்கே யாராவது உண்டா?

பிரியமானவர்களே, நாலாவது கேள்விக்குப் பதில் "ஒருவரும் இல்லை" என்று வந்தால் சோர்ந்துபோகாதிருங்கள். வருகிற சனிக்கிழமை அரைப்படி அரிசி கூடுதலாய்ப் போடுங்கள். கொரிந்துவிலே ஒரு வாடகைக் கடையைத் தம்முடைய ஜனங்களுக்கு வாசலாக்கின தேவன், உங்கள் மாடிப்படி வீட்டையும் அப்படி ஆக்குவாராக. ஆமென்.